ஆட்டிசம் உள்ள 22 வயது மகன்: கடலூர், பாண்டி பக்கம் வேலை கொடுத்துப் பழக்குகிற இடம் உண்டா?

கெடிலக்கரை அம்மா | திருப்பாதிரிப்புலியூர்

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 22 வயது. ஆட்டிசம். பேச்சு குறைவு, பசிக்குது, போலாம், வேணாம் என்று தேவைக்கு மட்டும் பேசுவான். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பான். எண்கள் என்றால் ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு மளிகைச் சாமான் வந்து இறங்கினால், பில்லில் இருக்கிற வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்தில் அடுக்குவான். ஒரு பாக்கெட் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவான், அது வந்து சேரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டான். ஒரு தடவை விட்டுப்போன கடுகு பாக்கெட்டைக் கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

18 வயதோடு சிறப்புப் பள்ளி முடிந்தது. பிறகு தொழிற்பயிற்சி என்று ஒரு மையத்தில் சேர்த்தோம். காகிதக் கவர் ஒட்டுவது, மெழுகுவர்த்தி, பினாயில். மாதாமாதம் நாங்கள்தான் கட்டணம் கட்டினோம். எப்போது வேலைக்குப் போவான் என்று கேட்டால், "இன்னும் தயாராகவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசட்டும், கூட்டத்தோடு உட்காரப் பழகட்டும்" என்றார்கள். அடுத்த வருடமும் அதே பதில். நிறுத்திவிட்டோம். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். பகலில் தூங்குகிறான், நள்ளிரவில் எழுந்து கூடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறான். அவன் அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவருக்கும் தூக்கம் போய்விட்டது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களை வேலைக்கு எடுத்து அங்கேயே பழக்குகிற நிறுவனங்கள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதெல்லாம் பெரிய ஊர்களில் மட்டும்தானா? நம் பக்கம் யாராவது செய்கிறார்களா? இல்லையென்றால் ஒரு சாதாரணக் கடையிலோ கம்பெனியிலோ போய் எப்படிக் கேட்பது? சம்பளம் எனக்கு இரண்டாம்பட்சம். அவனுக்குச் சத்தம் ஆகாது, திடீரென்று தோளைத் தொட்டால் பயந்துவிடுவான், யாராவது கிண்டல் செய்தாலும் வீட்டில் வந்து சொல்லத் தெரியாது. இதுதான் என் கவலை.

நெல்லிக்குப்பத்தான் | இப்போது பெங்களூரு

வணக்கம் அக்கா. நான் மென்பொருளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். எங்கள் துறையில் நடப்பதைச் சொல்கிறேன்.

இந்த முயற்சியை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானது டென்மார்க்கின் ஸ்பெஷலிஸ்டர்னே என்ற நிறுவனம். 2004-இல் தோர்கில் சோனே என்பவர் தொடங்கினார்; அவர் மகனுக்கு ஆட்டிசம். கேள்வி கேட்டு ஆள் எடுப்பதற்குப் பதில், லெகோ ரோபோக்களைக் கட்டச் சொல்லி, ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்து எடுத்தார்கள். 2011-இல் பெர்லினில் அதே மாதிரி ஆட்டிகான் என்ற நிறுவனம் வந்தது. 2013-இல் எஸ்ஏபி என்ற பெரிய மென்பொருள் நிறுவனம், 2020-க்குள் தன் ஊழியர்களில் 1 சதவீதம் பேர் ஆட்டிசம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று அறிவித்தது. அதற்கு முன்னோட்டமாக மென்பொருள் சோதனைக்குச் சிலரை எடுத்துப் பார்த்தது இந்தியாவில், இங்கே பெங்களூரில்தான்.

ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் கணினி நன்றாகத் தெரிந்தவர்களுக்கு. உங்கள் மகனைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ரைசிங் டைட். அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் ஊரில் 2013-இல் தொடங்கிய கார் கழுவும் நிலையம். ஓர் அப்பாவும் மகனும், வீட்டில் ஆட்டிசம் உள்ள இன்னொரு மகனுக்காகத் தொடங்கினார்கள். ஊழியர்களில் பெரும்பாலானோர் ஆட்டிசம் உள்ளவர்கள். காரைத் துடைக்கிற வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, வரிசை மாறாமல் செய்யப் பழக்குகிறார்கள். தொண்டு நிறுவனமாக இல்லாமல் லாபம் பார்க்கிற வியாபாரமாகவே நடத்துகிறார்கள். நம் ஊரிலும் வாட்டர் வாஷ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தண்ணீர் பம்பின் இரைச்சலை உங்கள் மகன் தாங்குவானா என்பதுதான் கேள்வி.

முந்திரிக்காட்டுப் பெண் | பண்ருட்டி அருகே

அக்கா, நான் ஒரு முந்திரி கம்பெனி நடத்துகிறேன். பெரியது இல்லை. கொட்டையை வாங்கி, அவித்து, உடைத்து, உலர்த்தி, தோல் உரித்து, ரகம் பிரித்து, டின்னில் அடைத்து அனுப்புகிறோம். வீட்டை ஒட்டியே கொட்டகை. இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களோடு ஆட்டிசம் உள்ள இரண்டு பேர். ஒருவன் என் தம்பி, 34 வயது. இன்னொரு பையன் காடாம்புலியூர் பக்கத்திலிருந்து வருகிறான், உங்கள் மகன் வயதுதான் இருக்கும்.

முதலில் ஒன்று. சம்பளம் இரண்டாம்பட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வெளியில் யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்கிற இடத்தில் அதையே பிடித்துக்கொள்வார்கள். தொழில் பழக்கமுள்ள ஒருவர் என்னிடமே கேட்டார், "இந்த மாதிரி பசங்களுக்கு எதுக்குக் கூலி? மத்தியானம் சோறு போட்டா போதாதா, அவங்க வீட்டுக்கும் நிம்மதிதானே" என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பி பிரித்த பருப்பும் மற்றவர்கள் பிரித்த பருப்பும் ஒரே டின்னில் போகிறது, ஒரே விலைக்கு விற்கிறது. கூலி மட்டும் ஏன் வேறாக வேண்டும்?

அவன் இந்த வேலைக்கு வந்தது தானே புயலுக்குப் பிறகு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி எங்கள் பக்கம் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் அடியோடு சாய்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. டிவி இல்லை, மின்விசிறி இல்லை, அவன் தினமும் போய் உட்காருகிற மரமும் இல்லை. யாராலும் அவனைச் சமாளிக்க முடியவில்லை. அப்போது அம்மா, வீட்டில் கொஞ்சம் மிச்சமிருந்த பருப்பை விற்பதற்காக முறத்தில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெரியது, நடுத்தரம், சிறியது என்று தனித்தனியாக ஒதுக்க ஆரம்பித்தான். யாரும் சொல்லித் தரவில்லை. முறம் காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. தோப்பு போனதும் அப்பா வெளியில் கொட்டை வாங்கி உடைக்கிற தொழிலுக்கு மாறினார். தம்பி அன்றிலிருந்து இதில்தான்.

அதற்காக, ஆட்டிசம் என்றாலே பிரிக்கிற வேலை சரியாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். காடாம்புலியூர்ப் பையனுக்குப் பருப்பு பிரிப்பது அலுப்பு, பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவான். அவனுக்குப் பிடித்தது எடை மெஷின். டின்னுக்கு 10 கிலோ. எண் சரியாக வந்து நிற்கும்வரை கடைசியில் ஒவ்வொரு பருப்பாகப் போடுவான், கூடிவிட்டால் ஒவ்வொன்றாக எடுப்பான். வேகம் குறைவுதான். ஆனால் எடை குறைகிறது என்று எங்கள் சரக்கைப் பற்றி யாரும் சொன்னதில்லை. மூன்றாவதாக ஒரு பையன் வந்தான். கொட்டை அவிக்கிற வாசனை அவனுக்குக் குமட்டியது. மேசையை மாற்றியும் சரிவரவில்லை. இப்போது அவன் ஒரு துணிக்கடையின் பின்பக்கக் கிடங்கில் சட்டை மடிக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான்.

நாங்கள் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன், உங்களுக்கு யோசனை கிடைக்கலாம். முழுப் பருப்பை 180, 210, 240, 320 என்று எண்ணில் சொல்வோம். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் கணக்கு. 180 பெரியது, 320 சிறியது. புதிதாக வருகிற பெண்கள் கண்ணளவிலேயே பழகிவிடுவார்கள். தம்பிக்கு அது பிடிபடவில்லை. அதனால் ஒவ்வொரு ரகத்திலும் சில பருப்பை அட்டையில் ஒட்டி அவன் எதிரில் நிறுத்தினோம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வான். இடது பக்கம் பிரிக்காத தட்டு, வலது பக்கம் ரகத்துக்கு ஒரு டப்பா. அன்றைக்கு எத்தனை தட்டோ அத்தனை சீட்டு சுவரில் தொங்கும். ஒரு தட்டு முடிந்தால் ஒரு சீட்டைக் கழற்றிப் பெட்டியில் போடுவான். கடைசிச் சீட்டும் கழன்றால் வீட்டுக்குக் கிளம்பலாம். சீட்டு வருவதற்கு முன்னால் நாள் முழுக்க எழுந்து வந்து "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பான். அது அப்படியே நின்றுபோனது.

உடைக்கிற பக்கம் இருவரையும் வைப்பதில்லை. கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். கையில் ஏதாவது தடவிக்கொண்டோ கையுறை போட்டுக்கொண்டோதான் உடைக்க வேண்டும். பிசுபிசுப்பும் கையுறையும் தம்பிக்கு ஆகவே ஆகாது. தோல் உரிக்கிற மெஷினின் கம்ப்ரசர் சத்தமும் அப்படித்தான். அது ஓடுகிற இடத்துக்கும் இவர்கள் மேசைக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பினோம், காதுக்கு மூடியும் வாங்கி வைத்திருக்கிறோம். செலவு என்று பார்த்தால் அந்தச் சுவர் ஒன்றுதான்.

அதிகமாக மெனக்கெட்டது பெண்களிடம் பேசியதில். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. பாசத்தில் தோளைத் தட்டுவார்கள். "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று தினமும் கேட்பார்கள். பாவம் என்று அவன் தட்டில் கைவைத்துத் தாங்களே பிரித்துக் கொடுப்பார்கள். மூன்றும் அவனுக்கு வேதனை. இதை மற்றவர்களுக்குப் புரியவைத்தவர் எங்களிடம் ரொம்ப நாளாக இருக்கிற ஓர் அத்தை. அவர் இப்போது தம்பிக்குப் பக்கத்து மேசை. லாரி வரவில்லை, நாளைக்குக் கரண்ட் இருக்காது, திங்கட்கிழமை லீவு, எதுவானாலும் முந்தின நாளே அவனிடம் சொல்வது அத்தையின் பொறுப்பு.

ஒரு தடவை சரக்கு பார்க்க வந்தவர் அவன் டப்பாக்களைக் கலைத்து வரிசை மாற்றி வைத்துவிட்டார். தம்பி தலையைச் சுவரில் மோதிக்கொள்ள ஆரம்பித்தான். எல்லோரையும் வெளியே அனுப்பினோம். அத்தை மட்டும் சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவில் ஒரு சாக்கை மடித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். அவன் அடங்கினதும் டப்பாக்களைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தோம். மறுபடி உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தான். இப்போது சரக்கு பார்க்க வருகிறவர்களுக்கென்று வாசலிலேயே தனி மேசை போட்டிருக்கிறோம்.

கூலிக்கு வருகிறேன். ரகம் பிரிக்கிற வேலையில் நாங்கள் கிலோ கணக்கில் கொடுக்கிறோம். பழகுகிற காலத்தில் கிலோ கணக்கு போட்டால் கையில் ஒன்றும் நிற்காது. அதனால் முதல் நாளிலிருந்தே நாள் கூலி. பழகின பிறகு கிலோவோ நாளோ, எது அதிகமோ அது. புதிதாக வருகிற பெண்களுக்கும் இதே விதிதான், இவர்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை.

அந்த மையத்தில் "தயாராகவில்லை" என்று சொன்னார்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. தம்பி இன்றைக்கும் யார் கண்ணையும் பார்த்துப் பேசுவதில்லை. பிரிக்கிற வேலைக்கு அது எதற்கு? கவர் ஒட்டிப் பழகினால் கவர் ஒட்டத்தான் வரும். ஓர் இடத்தில் பழகியதை இன்னோர் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போவது இவர்களில் நிறையப் பேருக்குச் சிரமம். எந்த இடத்தில் வேலையோ அங்கேயே, அந்த மேசையில், அந்த ஆட்களோடு, கூலி வாங்கிக்கொண்டு பழகட்டும். இதை நான் எங்கேயும் அடித்துச் சொல்வேன்.

கடையில் போய்க் கேட்கிற விஷயம். "என் மகனுக்கு ஏதாவது வேலை போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால் இரக்கப்படுவார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். வேலையைப் பேர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மகன் வந்த சாமானைப் பில்லோடு சரிபார்க்கிறான். மளிகை மொத்தக் கடையிலும் மருந்து மொத்தக் கடையிலும் தினமும் இதற்கு ஆள் வேண்டும், யாருக்கும் பொறுமை கிடையாது. "இறங்குகிற சரக்கைப் பில்லோடு ஒத்துப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறான், ஒரு வாரம் பாருங்கள், கூலி கொடுத்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை டீச்சர் | புதுச்சேரி

முந்திரிக்காட்டுப் பெண் எழுதியதைப் படித்து அசந்துபோனேன். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லரும் அவரோடு இருந்தவர்களும் 1970-களில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உருவாக்கிய டீச் (TEACCH) முறையை நாங்கள் பாடமாகப் படித்தோம். என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், முடிந்ததும் என்ன? இந்த நான்கு கேள்விக்கும் ஒருவரும் வாய் திறக்காமல் மேசையே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் தட்டும் சீட்டும் அதேதான்.

ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எல்லா மையமும் வீண் இல்லை. தனியாகக் கழிப்பறை போவது, ரோட்டைக் கடப்பது, அந்நியர் தொட்டால் "வேணாம்" என்று சொல்வது, இதெல்லாம் வேலைக்கு முன்னாலேயே பழக வேண்டியவை. நல்ல மையம் என்றால் பிள்ளைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளாமல் கடை, கம்பெனி என்று வெளியே கூட்டிப்போகும். பாண்டியில் விசாரிப்பதானால் சத்யா சிறப்புப் பள்ளியில் கேளுங்கள், பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சியும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.

அம்மா, வேலை கிடைத்தால் ஆரம்ப நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க ஓர் ஆள் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசியில் போகாமலே இருந்துவிடுகிற ஆள். அது நீங்களாக இருக்க வேண்டாம். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை எல்லாவற்றையும் உங்களிடம்தான் கேட்பான், கடைக்காரரும் அவனிடம் பேசாமல் உங்களிடம் பேசுவார். பழைய டீச்சர், சித்தப்பா பையன், யாராவது போகட்டும்.

காகிதங்களையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். ஆட்டிசத்தை ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலில் மதிப்பிட்டு சதவீதம் போடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 18 வயது முடிந்துவிட்டதால் சட்டப்படியான பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999-ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்கலாம். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் சேர்ந்தவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கடலூருக்குள்ளேயே வேலை கிடைத்தால், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவனுக்கும் உடன் போகிறவருக்கும் டிக்கெட் வேண்டாம்.

பாரம் எண் | முத்தியால்பேட்டை

வணக்கம். எனக்கு 29 வயது. எனக்கு ஆட்டிசம். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

நான் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். பாரம் என்றால் ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள். ஒரு பாரத்துக்கு 16 பக்கம். 1 முதல் 16, 17 முதல் 32, இப்படிப் பாரங்களை வரிசையாகச் சேர்த்து, பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று பார்த்து பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் இருந்தேன். அங்கே காலையிலிருந்து மாலைவரை எஃப்எம் ஓடும். குறைக்கச் சொன்னேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா" என்றார்கள். எனக்கு முடியவில்லை. விட்டுவிட்டேன். அவன் சோம்பேறி என்று சொன்னார்களாம். ரேடியோவை நிறுத்தியிருந்தால் நான் இருந்திருப்பேன்.

இங்கே எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மகனிடம் யாரும் கேட்டதாக எழுதவில்லை. பேச்சு குறைவு என்றால் படம் காட்டிக் கேட்கலாம். இரண்டு மூன்று இடங்களைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். எதை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறான் என்று பாருங்கள். முதல் தடவை கூட்டிப்போகும்போது ஆட்கள் இல்லாத நேரத்தில் கூட்டிப்போங்கள். எங்கே உட்கார வேண்டும், கழிப்பறை எங்கே, சாப்பாட்டு டப்பா எங்கே வைப்பது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

சம்பளத்தை அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பா கையில் வேண்டாம். நான் முதல் சம்பளத்தில் சண்டே மார்க்கெட்டில் ஒரு மேசை விளக்கு வாங்கினேன். விலை பேசியது நான்தான்.

இன்னொன்று. 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையில் ஆட்டிசம் என்ற நிலை விரிவாக விவரிக்கப்பட்டது. அதில் வரும் முதல் பையன் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். அவர் கல்லூரி முடித்து, அதே ஊர் வங்கியில் அறுபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தார். கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடெல்லாம் போனார். 2023-இல் 89 வயதில் இறந்தார். கானர் பார்த்த முதல் ஆளே வேலைக்குப் போனவர். இதை நான் நிறையப் பேரிடம் சொல்வேன்.

கெடிலக்கரை அம்மா | திருப்பாதிரிப்புலியூர்

எல்லோருக்கும் நன்றி. முத்தியால்பேட்டைத் தம்பி, நீ சொன்னது உண்மை, நான் அவனிடம் கேட்கவே இல்லை. இன்றைக்கு அவன் அப்பா எங்கள் மளிகைக்காரரின் குடோன், பக்கத்து மருந்துக் கடை, ஒரு பேக்கரி மூன்றையும் போட்டோ எடுத்து வந்தார். பேக்கரியை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்துவிட்டான். மருந்துக் கடைப் படத்தில் அட்டைப்பெட்டிகளில் இருக்கிற எண்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் போனைக் கேட்டு வாங்கி அதையே பார்த்தான்.

மருந்து மொத்தக் கடை ஒன்று மஞ்சக்குப்பத்தில் இவருக்குத் தெரிந்தவருடையது. பேசிப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் பண்ருட்டிக்கு வந்து உங்கள் தம்பி வேலை செய்வதை ஒருதரம் பார்க்கலாமா? அந்தச் சீட்டு விஷயம் எங்களுக்கு நேரில் பார்த்தால்தான் புரியும். மகனையும் கூட்டி வரலாமா, வேண்டாமா?

முந்திரிக்காட்டுப் பெண் | பண்ருட்டி அருகே

கட்டாயம் வாருங்கள் அக்கா. அந்த மருந்துக் கடைக்காரரையும் முடிந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட அவர் நேரில் பார்ப்பது நல்லது. கூலி எப்படிப் போடுகிறோம் என்று நோட்டைத் திறந்து நானே அவருக்குக் காட்டுகிறேன்.

மகனையும் கூட்டி வாருங்கள். ஆனால் அவனை ஏதாவது செய்துகாட்டச் சொல்ல வேண்டாம், பெண்களிடமும் சொல்லிவைக்கிறேன். சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும். பிடித்தால் அவனே எதையாவது எடுத்துப் பார்ப்பான். கொட்டகை, மேசை, எடை மெஷின், கழிப்பறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்புகிறேன், கிளம்புவதற்கு முன்னால் அவனிடம் காட்டிவிடுங்கள்.

காலை ஒன்பதரைக்குள் வந்துவிட்டால் கம்ப்ரசர் ஓடாது. அவிக்கிற வாசனை கொஞ்சம் இருக்கும். அவனுக்கு ஆகவில்லை என்றால் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், அங்கே வராது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் அக்கா, அன்றைக்கு லாரி ஏற்றுகிற நாள், வாசல் முழுக்க ஆளும் சத்தமுமாக இருக்கும்.